கனஃபானி ஃபாக்னரிடம் வாங்கியது கடனா, காப்பியா?

ஷார்ஜா_ரூம்4 | வெள்ளி, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதுதான் முதல் பதிவு.

போன மாதம் பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியின் 'வெயிலில் மனிதர்கள்' (1963) நாவலை ஆங்கிலத்தில் படித்தேன். சின்னப் புத்தகம், ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. அந்தச் சூட்டோடு அவருடைய 'உங்களுக்கு மிச்சமிருப்பது' (1966) எடுத்தேன். பத்துப் பக்கத்தில் மூச்சு வாங்கிவிட்டது. யார் பேசுகிறார்கள் என்றே பிடிபடவில்லை. ஒரு வாக்கியம் பாலைவனத்தில் நடந்துகொண்டிருக்கிறது, அதே பத்தியில் அடுத்த வாக்கியம் காஸாவில் ஒரு படுக்கையறையில். நடுவில் எழுத்தின் தோற்றம் மாறுகிறது, மறுபடி பழையபடி ஆகிறது.

இலக்கியம் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். "அது ஃபாக்னர் காப்பி. 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' படி, இது தேவையில்லை" என்று அமெரிக்க நாவலாசிரியர் ஃபாக்னரைக் கைகாட்டி முடித்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. அறுபதுகளின் அரபு நாவல்கள் எல்லாமே இப்படித்தானா? நனவோடை (மனசுக்குள் ஓடுவதை அப்படியே எழுதுவது), பல கதைசொல்லிகள், காலத்தைக் கலைத்துப்போடுவது எல்லாம் மேற்கிலிருந்து அப்படியே இறக்கியதா?

கறார் | வெள்ளி, இரவு 11.05

உங்கள் நண்பர் சொன்ன விதம் முரட்டுத்தனம், விஷயம் தப்பில்லை. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

ஜப்ரா இப்ராஹீம் ஜப்ரா பெத்லஹேமில் வளர்ந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர், 1948இல் பாலஸ்தீனத்தை விட்டு பாக்தாதில் குடியேறியவர். அவர் செய்த அரபு மொழிபெயர்ப்பில் அந்த ஃபாக்னர் நாவல் பெய்ரூட்டில் வெளியானது 1963. கனஃபானி அப்போது பெய்ரூட்டில்தான் இருக்கிறார். அவருடைய நாவல் 1966. மூன்றே வருடம். ஃபாக்னரின் குவென்டின் தாத்தாவின் கடிகாரத்தை உடைத்து முட்களைப் பிடுங்குகிறான். கனஃபானியின் ஹாமித் நடுப்பாலையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி எறிகிறான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அவர் மட்டுமா? எகிப்திய நாவலாசிரியர் மஹ்ஃபூஸ் 1956-57இல் கெய்ரோ மூன்று பாகங்களை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய பாணியில், அத்தை மாமா அம்மி உரல் எல்லாம் விட்டுப்போகாமல் எழுதி முடித்தவர். நாலே வருடத்தில் 'திருடனும் நாய்களும்' (1961) என்று நனவோடைக்குத் தாவிவிட்டார். இன்னொரு எகிப்தியர் ஸுன்அல்லாஹ் இப்ராஹீமின் 'அந்த வாடை' நாவல் முகப்பிலேயே ஐரிஷ் எழுத்தாளர் ஜாய்ஸின் மேற்கோள். டப்ளினிலும் பாரிசிலும் நாற்பது வருடத்துக்கு முன் தைத்த கோட்டை கெய்ரோ வெயிலில் மாட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

காயல்_கிணற்றடி | சனி, காலை 6.10

கறார் அண்ணனுக்கு ஸலாம். கோட்டு உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தீர்களா?

நான் ஏழு வருடம் மதரஸாவில் அரபு ஓதியவன். இலக்கணம் செய்யுளாகவே மனப்பாடம். அந்தத் தைரியத்தில் கனஃபானியைக் கையில் எடுத்தேன், ரூம்4 தம்பி விழுந்த அதே பள்ளத்தில் நானும் விழுந்தேன். மூலத்தில் படித்தால் புரிந்துவிடும் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம்.

தம்பி, அந்த நாவலுக்கு முன்னால் கனஃபானியே ஒரு சின்ன விளக்கம் எழுதியிருக்கிறார். உங்கள் பதிப்பிலும் இருக்கும், தேடிப் பாருங்கள். இந்தக் கதைக்கு ஐந்து நாயகர்கள் என்கிறார்: ஹாமித், மர்யம், ஸகரிய்யா, கடிகாரம், பாலைவனம். இவர்கள் இணைகோடுகளில் போவதில்லை, அறுந்து அறுந்து போகும் கோடுகள், சில இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று விழும், அந்த இடங்களைக் காட்டத்தான் எழுத்தை மாற்றி அச்சடித்திருக்கிறேன் என்கிறார். ஆங்கிலத்தில் சாய்வெழுத்து என்று ஒன்று தயாராக இருக்கிறது. அரபு அச்சில் அந்த வழக்கம் இல்லை, பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பேதமும் கிடையாது. இருக்கிற ஒரே வழி எழுத்தின் கனத்தைக் கூட்டுவது, குறைப்பது. ஆக, கம்போசிட்டரையும் கதைக்குள் இழுத்திருக்கிறார்.

சரி, எதற்காக இழுத்தார்? அங்கேதான் நான் கறார் அண்ணனிடம் பிரிகிறேன். ஃபாக்னரில் மூன்று தம்பி அண்ணன்களுக்கும் தனித்தனி அத்தியாயம். ஒருவன் தலைக்குள் இன்னொருவன் வர முடியாது, நடுவில் சுவர். சாய்வெழுத்து வந்தால் பெரும்பாலும் அதே ஆளின் மனசு வேறொரு காலத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். கனஃபானியில் அந்தச் சுவரே இல்லை. ஹாமித் காஸாவை விட்டு, ஜோர்டானில் இருக்கும் தாயைத் தேடி, ராத்திரியில் பாலைவனத்தைக் கடக்கிறான். அக்கா மர்யம் காஸாவில், நாட்டைக் காட்டிக்கொடுத்த ஸகரிய்யாவுக்கு வாழ்க்கைப்பட்டு, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள். அவன் பாதம் மணலில் பதிகிறது, அவள் சுவர்க்கடிகாரத்தின் அடியை எண்ணுகிறாள், இரண்டும் ஒரே பத்தியில் ஒரே தாளத்தில் போகின்றன. எழுத்து மாறும்போது மாறுவது ஆளும் இடமும். நேரம் மாறுவதில்லை. கடைசியில் அவன் ஒரு இஸ்ரேலியச் சிப்பாயின் எதிரில் கத்தியோடு உட்கார்ந்திருக்கும் வேளையில்தான் அவள் கையிலும் அடுக்களைக் கத்தி ஏறுகிறது.

1948இல் இஸ்ரேல் உருவானபோது குடும்பம் குடும்பமாகப் பிய்த்து எறியப்பட்ட ஒரு ஜனத்துக்கு, நடுவில் எல்லை கிடக்கும் இரண்டு பேரை ஒரே வாக்கியத்தில் உட்காரவைக்க வேண்டியிருந்தது. அதற்கு இந்தச் சாமான் தோதுப்பட்டது. ஃபாக்னர் செய்த வேலையும் இதுவும் ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. 'வந்தேன்' என்றால் தமிழில் வந்தது ஆணா பெண்ணா தெரியாது. அரபிலும் தன்மை வினை அப்படித்தான். ஆனால் முன்னிலையிலும் படர்க்கையிலும் வினையே பாலைக் காட்டிக்கொடுத்துவிடும், அரபு வாசகனுக்கு அந்தப் பிடிமானம் பழக்கம். அக்காவும் தம்பியும் மாறி மாறி 'நான்' என்னும்போது அந்தப் பிடி நழுவிப்போகிறது. தம்பி திணறியது அவர் குற்றமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

புதுசு_93 | சனி, காலை 9.42

ஒரு நிமிஷம். பாலைவனம் பேசுமா?

காயல்_கிணற்றடி | சனி, காலை 9.58

பேசும். தன்மேல் நடந்துபோகும் பையனைப் பற்றித் தன்மையிலேயே பேசும். கடிகாரம் பேசாது, சுவரில் சின்னச் சவப்பெட்டி மாதிரித் தொங்கிக்கொண்டு அடித்துக்கொண்டே இருக்கும்.

மரபுப்பித்தன் | சனி, பகல் 12.30

எனக்கு இந்த விவாதமே வேடிக்கையாக இருக்கிறது. கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை, நம்ப முடியாத கதைசொல்லி, முடியாமல் நீளும் முடிவு, எல்லாம் ஆயிரத்தொரு இரவுகளில் இருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ப்ரூஸ்ட் தன் நாவலின் கடைசிப் பாகத்தில் அந்த இரவுகளைத்தான் நினைத்துக்கொள்கிறார். ஜாய்ஸ் சிந்துபாதைத் தன் யுலிஸஸ் நாவலில் கொண்டுவந்து வைத்து விளையாடுகிறார். அரபுக்காரன் வீட்டுச் சொத்தை ஐரோப்பா வாங்கிப்போய், பெயிண்ட் அடித்து, அவனுக்கே திருப்பி விற்றது. நீங்கள் என்னடாவென்றால் கடன் என்கிறீர்கள்.

கறார் | சனி, பகல் 1.15

வந்துவிட்டார். எல்லாம் எங்கள் தாத்தா காலத்திலேயே இருந்தது என்ற வாதம் எந்த மொழியில் வந்தாலும் எனக்கு ஒவ்வாமை.

ஆயிரத்தொரு இரவுகளில் ஷஹ்ராஸாத் சொல்லும் கதைகளில் கதைக்குள் கதை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாராவது தனியாக உட்கார்ந்து நினைக்கிறார்களா? அங்கே எல்லோரும் வாய்விட்டுச் சொல்கிறார்கள், கேட்க ஒருவர் எதிரில் இருக்கிறார், கதை நின்றால் தலை போகும். நனவோடை இதற்கு நேர் எதிர். கேட்க யாருமில்லாதபோது மண்டைக்குள் ஓடுவது. 'திருடனும் நாய்களும்' நாவலில் ஸயீத் மஹ்ரான் சிறையிலிருந்து வெளியே வருகிறான். படர்க்கையில் போய்க்கொண்டிருக்கும் வரி எந்த அறிவிப்பும் இல்லாமல் 'நான்' ஆகிறது, அடுத்த வரியில் துரோகம் செய்த மனைவியைப் பார்த்து 'நீ' என்கிறது. எதிரில் அவள் இல்லை. ஷஹ்ராஸாதின் உலகத்தில் இந்த மாதிரி ஒரு வரியைக் காட்டுங்கள், நான் இந்த இழையை விட்டே போய்விடுகிறேன்.

மூலபாடம் | சனி, பகல் 2.40

யாரும் போக வேண்டாம், ஆள் குறைவு.

இருவருக்கும் நடுவில் ஒரு சங்கதி. நுட்பத்தை மட்டும் கடன் என்று பேசுகிறோம், நாவல் என்ற சரக்கே கப்பலேறி வந்ததுதானே. எகிப்தின் முவைலிஹீ 1907இல் நூலாக்கிய 'ஈஸா இப்னு ஹிஷாமின் கதை' மகாமா என்ற, எதுகை உரைநடையில் எழுதும் பழைய அரபுக் கதை வடிவத்தில் இருக்கிறது. செத்துப்போன ஒரு பாஷா கல்லறையிலிருந்து எழுந்து புதிய கெய்ரோவைச் சுற்றிப்பார்க்கிறார். ஆறேழு வருடம் கழித்து ஹைக்கல் 'ஸைனப்' எழுதுகிறார். பிரான்சில் சட்டம் படிக்கும்போது எழுதியது, கிராமத்துக் காதல் கதை. வக்கீல் தொழிலுக்குக் கெட்ட பெயர் வருமோ என்று தன் பெயரைப் போடாமல் 'ஒரு எகிப்திய விவசாயி' என்று போட்டார். அங்கிருந்து 'திருடனும் நாய்களும்' வரை ஐம்பது வருடம்கூட ஆகவில்லை. இங்கிலாந்தில் இருநூறு வருடம் எடுத்த பாதையை ஓட்டமாக ஓடியிருக்கிறார்கள். ஓடுகிறவன் கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்வான்.

நிலாவெளி_வாசகி | சனி, மாலை 5.20

ஆண்கள் எல்லோரும் கடிகாரத்தையும் கத்தியையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் 'மிராமார்' பற்றிப் பேசலாமா?

மஹ்ஃபூஸ், 1967. அலெக்சாண்ட்ரியாவில் ஒரு கிரேக்கப் பெண்மணி நடத்தும் விடுதி. அதில் தங்கியிருக்கும் நாலு ஆண்கள் ஒரே சம்பவங்களை ஆளுக்கொரு முறை சொல்கிறார்கள். வயதான பத்திரிகைக்காரர் ஆமிர் வஜ்தி தொடங்குகிறார், முடிவிலும் அவரே வருகிறார். நடுவில் நிலத்தை இழந்த பணக்கார வாலிபன் ஒருவன், தோழர்களைக் கைவிட்ட குற்ற உணர்ச்சியில் புழுங்கும் வானொலிக்காரன் ஒருவன், புரட்சியின் பெயரால் பிழைக்கும் ஸர்ஹான். ஒவ்வொருவன் சொல்லும்போதும் மற்றவர்கள் வேறு மாதிரித் தெரிகிறார்கள். அலெக்சாண்ட்ரியா என்றதும் ஆங்கில எழுத்தாளர் டரலின் நால்வரிசை நாவல்களோடு ஒப்பிட்டு விமர்சகர்கள் நிறைய எழுதிவிட்டார்கள், அதை விடுங்கள்.

இந்த நாலு பேரும் சுற்றிச்சுற்றிப் பேசுவது ஸொஹ்ராவைப் பற்றி. கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்த்ததால் கிராமத்தை விட்டு ஓடிவந்து, விடுதியில் வேலைசெய்து, சம்பளத்தில் எழுத்துப் படிக்கும் பெண். அவளுக்கு அத்தியாயம் இல்லை! அவள்தான் எகிப்து, அவள்தான் நிலம் என்று விமர்சகர்கள் ஆளுக்கு ஆள் சொல்வார்கள். எகிப்து என்றால் வாய் இருக்கக் கூடாதா? பல குரல் நுட்பம் என்று நாம் மெச்சுவதைக் கையில் எடுத்தவர், யாருக்குக் குரல் கொடுப்பது என்ற இடத்தில் பழைய வீட்டுத் தாழ்வாரத்துக்கே திரும்பிவிட்டார்.

முதல் தடவை படித்தபோது எனக்கு இது உறைக்கவே இல்லை. இரண்டாவது தடவை ஸொஹ்ராவின் பக்கம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டே படித்தேன். புத்தகம் முடிந்துவிட்டது.

மூலபாடம் | சனி, மாலை 6.05

வாசகி, நல்ல இடத்தைத் தொட்டீர்கள். உங்கள் வாதத்துக்குக் கூடுதல் பலம்: மஹ்ஃபூஸுக்குச் சில வருடம் முன்பே ஃபத்ஹீ கானிம் 'நிழலைத் தொலைத்தவன்' என்று நாலு பாக நாவல் எழுதினார். அதுவும் நாலு பேர் சொல்லும் கதை. முதலில் வாய் திறப்பது மப்ரூகா என்ற வேலைக்காரப் பெண். பத்திரிகை உலகத்தில் மேலே ஏறத் துடிக்கும் யூசுஃப் கடைசியில்தான் பேசுகிறான். அதற்குள் மற்ற மூன்று பேரும் அவனைத் தோலுரித்துவிடுகிறார்கள். ஆக, காலம் அப்படி என்று மஹ்ஃபூஸுக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை.

நிலாவெளி_வாசகி | சனி, மாலை 6.11

நன்றி சார். இதைத் தேடிப் பிடிக்கிறேன்.

கறார் | சனி, இரவு 8.30

கனஃபானி விஷயத்தில் காயல் சொன்னதை யோசித்தேன். ஆள் மாறுவது, காலம் மாறுவது என்ற வித்தியாசம் சரிதான். அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எதற்காக என்ற கேள்விக்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு. 1967 ஜூன் தோல்வி. ஆறு நாளில் எகிப்து, சிரியா, ஜோர்டான் மூன்றும் இஸ்ரேலிடம் தோற்றன, நம்பிக்கை உடைந்தது, அதனால் கதைசொல்லலும் உடைந்தது. அதைச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருக்க மாட்டேன்.

மூலபாடம் | சனி, இரவு 10.50

அந்த வழக்கமான பதில்தான் என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. பாடப்புத்தகத்தில் எழுத வசதியான பதில். தேதி ஒத்துவரவில்லை.

'உங்களுக்கு மிச்சமிருப்பது' 1966. 'அந்த வாடை' 1966. சூடானின் தையிப் ஸாலிஹின் 'வடக்கே இடம்பெயரும் பருவம்' 1966. மஹ்ஃபூஸின் 'நைல் மேல் அரட்டை' 1966. நாலும் தோல்விக்கு ஒரு வருடம் முந்தியவை. 'திருடனும் நாய்களும்' ஆறு வருடம் முந்தியது. கண்ணாடி 67இல் உடைந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள், இவர்கள் அதற்கு முன்பே விரிசலை வரைந்துவிட்டார்கள்.

ஏன்? எகிப்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதிபர் நாஸர் ஆட்சியின் உச்சம். பேச்சு முழுக்க வெற்றி. வானொலியில் ஒரே குரல், ஒரே கதைசொல்லி, எல்லாம் அறிந்தவர். அந்தக் காலத்தில் ஸுன்அல்லாஹ் இப்ராஹீம் கம்யூனிஸ்ட் என்று 1959இல் பிடிபட்டு 1964 வரை உள்ளே இருந்தார், கடைசிக் காலம் மேற்குப் பாலைவனத்து முகாமில். சிகரெட் தாளில் குறிப்பெழுதி வெளியே கடத்தினார். உள்ளே இருந்தபோது அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயைப் படித்தார். வெளியே வந்து எழுதியது 'அந்த வாடை'. பெயரில்லாத ஒருவன் விடுதலையாகி வருகிறான். தினம் ராத்திரி போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டுவார், நோட்டில் கையெழுத்து வாங்கிப்போவார். எழுந்தேன், குளித்தேன், சிகரெட் பிடித்தேன், டிராமில் ஏறினேன், அவ்வளவுதான் வாக்கியங்கள். என்ன உணர்ந்தான் என்று ஒரு வார்த்தை கிடையாது. புத்தகத்தைத் தடைசெய்தார்கள். யஹ்யா ஹக்கீ போன்ற பெரியவரே அருவருப்பாக இருக்கிறது என்று கடிந்துகொண்டார்.

இந்த மொட்டை வாக்கியம் ஹெமிங்வேயிடம் கற்றதா என்றால், ஆமாம். ஆனால் ராத்திரி போலீஸ்காரர் வரப்போகிற வீட்டில் இருப்பவன் வேறு எப்படி எழுதுவான்? உணர்ச்சியை எழுதினால் அதுவும் அந்த நோட்டில் ஏறிவிடும்.

இன்னொரு வேடிக்கை. 'நைல் மேல் அரட்டை' நாவலின் நாயகன் அனீஸ் ஸகீ ஒரு அரசாங்க குமாஸ்தா, கஞ்சாப் போதையில் இருப்பவன். தொடக்கத்தில் அறிக்கை ஒன்று எழுதி மேலதிகாரியிடம் கொடுக்கிறான். பார்த்தால் பக்கம் வெறுமை. பேனாவில் மை தீர்ந்தது தெரியாமல் எழுதிக்கொண்டே போயிருக்கிறான். அதே வருடம் ஸாலிஹின் நாவலில் முஸ்தஃபா ஸயீத் விட்டுப்போன சுயசரிதை நோட்டு: முதலில் ஒரு சமர்ப்பணம், அப்புறம் ஒன்றும் எழுதாத தாள்கள். கெய்ரோவில் ஒருவர், லண்டனில் ஒருவர், ஒரே வருடம் இருவரும் வெற்றுத்தாளைக் கதைக்குள் வைக்கிறார்கள். இதற்கு எந்த ஃபாக்னரைக் கூப்பிடுவீர்கள்?

மட்டக்களப்பான் | ஞாயிறு, காலை 7.25

ஸாலிஹின் பெயர் வந்துவிட்டது, இனி நான் பேசாமல் இருக்க ஏலாது.

'வடக்கே இடம்பெயரும் பருவம்' நாவலின் முதல் வாக்கியத்திலேயே 'யா ஸாதத்தீ' வந்துவிடும், 'கனவான்களே' என்று கூப்பிடுவது. சூடான் கிராமத்து ஆள், ஏழு வருடம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன், யாரோ நாலு பேர் முன்னால் குந்தியிருப்பதுபோலக் கதையைத் தொடங்குகிறான். காப்பிக்கடையில் கதைசொல்லும் ஹகவாத்தியின் வழக்கு அது. யார் அந்தக் கனவான்கள் என்று நாவல் கடைசிவரை சொல்லாது. உள்ளே இருக்கும் கட்டுமானமோ ஆங்கில நாவலாசிரியர் கொன்ராடுடையது: ஒரு மர்மமான ஆள், அவனைத் துருவிக்கொண்டு போகும் கதைசொல்லி, நதி. கொன்ராடின் வெள்ளையன் நதி வழியே ஆபிரிக்காவுக்குள் போகிறான். ஸாலிஹின் முஸ்தஃபா ஸயீத் நைல் கரையிலிருந்து லண்டனுக்குள் போகிறான். வழியை அப்படியே மறுபக்கம் திருப்பிவிட்டார். களவெடுத்த ஆள் களவெடுத்த வீட்டுக்காரனுக்கே அதைக் காட்டுவானா? கறார் ஐயா இதை எந்தக் கணக்கில் வைப்பார் என்று அறிய ஆவல்.

ஆனால் இன்னொரு கசப்பும் உண்டு. அந்த நாவல் முதலில் வந்தது பெய்ரூட்டின் 'ஹிவார்' என்ற சஞ்சிகையில். கவிஞர் தவ்ஃபீக் ஸாயிக் ஆசிரியர். நல்ல சஞ்சிகை. அதற்குக் காசு வந்தது பண்பாட்டுச் சுதந்திரத்துக்கான காங்கிரஸ் என்ற அமைப்பிடமிருந்து, அந்த அமைப்புக்குக் காசு வந்தது சிஐஏவிடமிருந்து. 1966இல் விஷயம் வெளியே வந்தது, 1967இல் சஞ்சிகை மூடப்பட்டது. எகிப்திய எழுத்தாளர் யூசுஃப் இத்ரீஸ் 1965இலேயே அவர்கள் கொடுத்த பரிசை வேண்டாம் என்றுவிட்டார். ஆகையால் மேற்கத்திய நவீனத்துவம் காற்றில் மிதந்து வந்தது என்று நினைக்க வேண்டாம். அதற்குச் சாலை போட்டவர்கள் இருந்தார்கள். அந்தச் சாலையில் இப்படியொரு நாவல் வந்தது போட்டவர்களுக்கே விளங்கியிருக்குமா தெரியாது.

கறார் | ஞாயிறு, காலை 9.00

மட்டக்களப்பான், 'திருப்பிப் போடுதல்' என்ற கணக்கில். காப்பி என்ற கணக்கில் இல்லை. போதுமா?

சிஐஏ சங்கதி எனக்குத் தெரியும். நான் சொன்னால் சதிக்கோட்பாடு என்பீர்கள் என்று விட்டுவைத்தேன்.

காயல்_கிணற்றடி | ஞாயிறு, காலை 10.15

யாரும் தொடாத ஒன்று பாக்கி இருக்கிறது, மொழி.

அரபில் எழுத்துமொழி ஃபுஸ்ஹா, வீட்டில் பேசுவது ஆம்மிய்யா. நம் எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இருக்கும் தூரத்தைவிட அதிகம், ஊருக்கு ஊர் வேறு. ஃபுஸ்ஹாவைத் தாய்மடியில் கற்றவர் ஒருவரும் இல்லை, பள்ளிக்கூடத்தில்தான் வரும். இப்போது யோசியுங்கள். நனவோடை என்றால் மண்டைக்குள் வடிகட்டாமல் ஓடுவதை அப்படியே எழுதுவது. கெய்ரோவில் ஒரு திருடன் மண்டைக்குள் ஃபுஸ்ஹாவா ஓடும்? மஹ்ஃபூஸ் ஆம்மிய்யாவில் எழுத மாட்டேன் என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தவர். அவருடைய திருடன், விலைமாது, கஞ்சாக்காரன் எல்லோரும் இலக்கண சுத்தமாகப் பேசுவார்கள், அப்படியே நினைக்கவும் செய்வார்கள். அதாவது அரபு நாவலில் மனசுக்குள் ஓடும் பேச்சு காகிதத்துக்கு வரும்போதே ஒரு தடவை மொழிபெயர்க்கப்பட்டு வருகிறது. ஜாய்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்த ஜாய்ஸின் யுலிஸஸையே தாஹா மஹ்மூத் தாஹா முழுதாக அரபில் கொண்டுவந்தது 1982இல்தான்.

சிலர் இதைக் குறை என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஸயீத் மஹ்ரான் வெறியில் மனைவியைத் திட்டும்போது ஃபுஸ்ஹா அவனுக்கு ஒரு மேடைப் பேச்சின் தோரணையைக் கொடுத்துவிடுகிறது. யாருமில்லாத அறையில் வழக்காடுகிறவன் மாதிரி இருப்பான். அவனுக்குப் புரட்சி கற்றுக்கொடுத்து அப்புறம் பங்களாவில் குடியேறிய பத்திரிகைக்காரன் ரவூஃப் இல்வானின் மொழிதானே அது. திருடன் மண்டைக்குள்ளும் அவன்தான் பேசுகிறான்.

மரபுப்பித்தன் | ஞாயிறு, பகல் 11.40

என்னை எல்லோரும் ஓரமாக உட்காரவைத்துவிட்டீர்கள், பரவாயில்லை. எழுபதுகளுக்கு வாருங்கள், நான் சொன்னது நடந்திருக்கிறது.

ஜமால் அல்-கீதானியின் 'ஸைனீ பரகாத்' (1974). கதை நடப்பது உஸ்மானியர் உள்ளே வரும் பதினாறாம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கெய்ரோ. இப்னு இயாஸ் என்ற அக்காலத்து வரலாற்றாசிரியரின் நடையை எடுத்து, முரசறைவோன் அறிவிப்பு, ஒற்றர் அறிக்கை, வெனிஸ் பயணியின் குறிப்பு என்று துண்டு துண்டாக வைத்துக் கட்டியது. படிக்கிறவனுக்குப் பத்துப் பக்கத்தில் தெரிந்துவிடும், இது உஸ்மானியருக்கு முன் ஆண்ட மம்லூக் காலத்து ஒற்றர் படை இல்லை, நாஸர் காலத்து ஒற்றர் படை என்று. கீதானியே 1966இல் கைதானவர். (மூலபாடம் சார் வருடத்தைக் குறித்துக்கொள்ளவும்.) அதே 1974இல் எமீல் ஹபீபி, நாஸரேத்தில் இருந்துகொண்டு, 'துர்பாக்கியத்தின் தந்தை ஸயீத்' என்று ஒரு கோமாளியை வைத்து மகாமா நடையில் எழுதினார். நடுவில் தானே முந்திக்கொண்டு, இது பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் கான்டீட் கதை மாதிரி இருக்கிறது என்று ஒரு அத்தியாயமே வைத்திருக்கிறார். கடன்பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது மாதிரி.

எலியாஸ் கூரியின் 'சூரிய வாசல்' (1998) இன்னும் நேர். பெய்ரூட்டின் ஷாத்தீலா அகதி முகாம் ஆஸ்பத்திரியில் நினைவிழந்து கிடக்கும் கிழட்டுப் போராளியின் பக்கத்தில் உட்கார்ந்து கலீல் கதை சொல்லிக்கொண்டே இருக்கிறான், கதை நின்றால் கிழவர் போய்விடுவார் என்று. கறார், கேட்க யாருமில்லாத இடத்தில் ஷஹ்ராஸாத் வேண்டும் என்றீர்களே. இந்தாருங்கள். கேட்கிறவர் கோமாவில்.

கறார் | ஞாயிறு, பகல் 12.05

அட. இது நல்ல அடி. வாங்கிக்கொண்டேன்.

மூலபாடம் | ஞாயிறு, பகல் 12.20

குறித்துக்கொண்டேன்.

கூடவே எதிர்ப்பக்கமும். அப்துர் ரஹ்மான் முனீஃப் 'உப்பு நகரங்கள்' எழுதியபோது தனி மனித மனசைத் துருவாமல், எண்ணெய் வந்த ஒரு பாலைவன ஊரையே நாயகனாக்கினார். அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் 1988இல் மதிப்புரை எழுதி, இவர் போதுமான அளவு மேற்கத்தியமயமாகவில்லை, இது நாவல் மாதிரியே இல்லை என்றார். ஃபாக்னர் மாதிரி எழுதினால் காப்பி, எழுதாவிட்டால் நாவலே இல்லை. ரூம்4இன் நண்பரும் அப்டைக்கும் ஒரே பெஞ்சில் உட்காரலாம்.

நிலாவெளி_வாசகி | ஞாயிறு, பிற்பகல் 3.30

கனஃபானிக்குத் திரும்புகிறேன், இழை அவரோடுதானே தொடங்கியது. அவரே அந்தச் சிக்கலான பாணியை விட்டுவிட்டார், கவனித்தீர்களா? 1969இல் வந்த 'உம்மு ஸஅத்' அகதி முகாமில் இருக்கும் ஒரு அம்மாள் வந்து பேசிவிட்டுப் போவதுதான், தெளிந்த நீர் மாதிரி நடை. 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' நாவலும் ஏறக்குறைய அப்படியே. அந்த அம்மாளுக்கே படித்துக் காட்டக்கூடிய மொழிக்கு வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். 1972 ஜூலையில் பெய்ரூட்டில் கார் குண்டில் கொன்றுவிட்டார்கள், கூட இருந்த சகோதரி மகளையும் சேர்த்து, பதின்வயதுப் பெண் அவள். முப்பத்தாறு வயதுதான் அவருக்கு. அதற்குப் பிறகு எந்தப் பக்கம் போயிருப்பார் என்று யாருக்குத் தெரியும்.

ரூம்4 தம்பி, 'வெயிலில் மனிதர்கள்' எளிமை, மற்றதுதான் சிக்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். எளிமை இல்லை அது. முதல் மூன்று அத்தியாயங்கள் அபூ கைஸ், அஸ்அத், மர்வான் என்று ஒவ்வொருவர் மனசுக்குள்ளும் நம்மைக் கூட்டிப்போகின்றன. ஈர மண்ணின் வாசனை, முன்பு ஏமாற்றிய ஏஜென்ட், வீட்டைக் கைவிட்ட அப்பா. பாஸ்ராவிலிருந்து குவைத்துக்கு, ஆகஸ்ட் வெயிலில், காலித் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் இறங்குகிறார்கள். மூடி விழுந்ததும் கனஃபானி அவர்கள் மனசையும் மூடிவிடுகிறார். அதற்கப்புறம் நாம் டிரைவர் அபுல் கைஸுரானோடு சுங்க அலுவலகத்தில் நிற்கிறோம், குமாஸ்தா அவனைப் பாஸ்ராவின் நடனக்காரியோடு இணைத்துக் கேலிசெய்துகொண்டிருக்கிறான். தொட்டிக்குள் என்ன நினைத்தார்கள், ஒரு வரி கிடையாது. நனவோடை தெரிந்தவர், வேண்டிய இடத்தில் அதை அடைத்துவிட்டார். அதனால்தான் கடைசியில் டிரைவர் 'ஏன் தட்டவில்லை' என்று கத்தும்போது நம்மிடமும் பதில் இல்லை.

மட்டக்களப்பான் | ஞாயிறு, மாலை 4.10

தவ்ஃபீக் ஸாலிஹ் 1972இல் இதைப் படமாக எடுத்தபோது முடிவை மாற்றினார். படத்தில் அவர்கள் தட்டுகிறார்கள். அலுவலகத்து ஏசி இரைச்சலில் வெளியே யாருக்கும் கேட்பதில்லை. எனக்கு நாவலின் முடிவுதான் பிடிக்கும், ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு நித்திரை வரவில்லை.

ஷார்ஜா_ரூம்4 | ஞாயிறு, இரவு 11.35

எல்லோருக்கும் நன்றி. முதல் பதிவுக்கு இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. அந்த முன்குறிப்பு என் பதிப்பிலும் இருக்கிறது, நான்தான் தாண்டிப்போயிருக்கிறேன். இன்றைக்கு முதலிலிருந்து மறுபடி எடுத்தேன். எழுத்து மாறும் இடத்திலெல்லாம் ஓரத்தில் பென்சிலால் 'ம', 'ஹா' என்று போட்டுக்கொண்டே போகிறேன். முப்பது பக்கம் தாண்டிவிட்டேன். சில இடத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் இரண்டையும் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். மட்டக்களப்பான் பதிவைப் படிப்பதற்கு முன், சாயங்காலம் சமைக்கும்போது அறையில் இருக்கும் அண்ணனுக்கு 'வெயிலில் மனிதர்கள்' கதையைச் சொன்னேன். அவர் ஏசி மெக்கானிக், பதினெட்டு வருடமாக இங்கே இருக்கிறார், நாவல் எல்லாம் படிக்கிறவர் இல்லை. ஏன் தட்டவில்லை என்ற இடத்துக்கு வந்ததும் வெங்காயம் அரிவதை நிறுத்திவிட்டு, "ஆபீசில் ஏசி இருந்ததா?" என்று கேட்டார். புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன். "பாரு. பழைய விண்டோ ஏசி என்றால் காது அடைக்கும். தட்டியிருப்பானுங்க" என்றார்.